நிலாவெளி விடுதியில் கார் மின்னேற்றி: அனுமதி யாரிடம், செலவு யார் தலையில்?

நிலாவெளி வீதியில் ஆறு அறை விடுதி நடத்தும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கொழும்பிலிருந்து மின்சாரக் காரில் வருகிறவர்கள், அறைக் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே "மின்னேற்ற வசதி இருக்கிறதா" என்று கேட்கிறார்களாம். அதனால் ஒரு மின்னேற்றி வைக்க நினைக்கிறார். அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்பது முதல் கேள்வி. எவ்வளவு பெரிய இயந்திரம் வாங்குவது என்பது இரண்டாவது. மூன்றாவதில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கிறது: "கலிபோர்னியாவில் இருக்கும் என் மச்சானின் வேலைத்தளத்தில் மின்சாரக் கம்பனியே கம்பி இழுத்து, மின்மாற்றி வைத்து, எல்லாம் செய்து கொடுத்ததாம். இங்கே மட்டும் ஏன் எல்லாச் செலவையும் என் தலையில் கட்டுகிறார்கள்?"

மின் விநியோக வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்தின் பின்பகுதி திருகோணமலை மாவட்டத்தில்தான் கழிந்தது. கம்பத்தில் ஏறியும் இருக்கிறேன், மதிப்பீட்டுக் கடிதங்களில் கையெழுத்திட்டும் இருக்கிறேன். ஆகையால் இந்தக் கோபத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவன். மூன்றாவது கேள்விதான் ஆழமானது. ஆனாலும் முதலாவதைத் தொடாமல் அங்கே போக முடியாது.

மின்னேற்றி வைத்திருப்பவர் மின்சாரம் விற்கிறாரா, ஒரு சேவையைத் தருகிறாரா? கேட்டால் வெறும் சொல் விளையாட்டுப் போலத்தான் தோன்றும். சட்டம் முழுவதும் இதில்தான் தொங்குகிறது. உலகில் பெரும்பாலான நாடுகளில் மின்சாரம் விற்பவர் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். நமது 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும் அப்படித்தான் சொன்னது: உற்பத்தி, செலுத்துகை, விநியோகம், வழங்கல் எதுவானாலும் ஒன்றில் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும், அல்லது அதிலிருந்து விலக்கு இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்தது ஊர் முழுக்கக் கம்பி இழுத்து, வேறு போக்கிடமில்லாத பாவனையாளர்களிடம் காசு வாங்கும் பெரிய நிறுவனங்களை. விடுதி வாசலில் ஒரு பெட்டியை மாட்டிவைத்து இரண்டு காருக்கு மின்சாரம் கொடுப்பவரை அவர்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் சட்டத்தின் வாசகம் அவரையும் பிடிக்கும்.

அமெரிக்க மாநிலங்களும் இதே முடிச்சில்தான் முதலில் மாட்டிக்கொண்டன. அலகுக்கு இவ்வளவு என்று விற்றால் நீ மின்சார நிறுவனம் ஆகிவிடுவாய் என்று பல மாநிலங்களின் சட்டம் சொன்னது. மின்னேற்றிக்காரர்கள் அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். அலகுக்குக் காசு வாங்காமல் நிமிடத்துக்கு வாங்கினார்கள். அரிசியை நிறுக்காமல், வாடிக்கையாளர் கடையில் நின்ற நேரத்தைப் பார்த்துக் காசு வாங்குவது போன்ற வேலை இது. வேகமாக மின்னேறும் புதுக் கார் கொஞ்சக் காசில் போய்விடும். மெதுவாக ஏறும் பழைய கார்க்காரர், அதே அலகுகளுக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுத்துவிட்டுப் போவார்.

அந்த அபத்தம் மெல்ல மெல்லத்தான் தீர்ந்தது. மின்னேற்றி வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் பொதுப் பயன்பாட்டு நிறுவனம், அதாவது ஊருக்கு மின்சாரம் விற்கும் கம்பனி, ஆகிவிட மாட்டார் என்று கலிபோர்னியா 2011 இல் சட்டமே இயற்றியது. மின்சாரக் கம்பனிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் மசாசூசெட்ஸில் 2014 இலும், கென்டக்கியில் 2019 இலும் அதே முடிவுக்கு வந்தன. இந்தியாவில் 2018 ஏப்ரலில் மத்திய மின் அமைச்சு ஒரு விளக்கம் வெளியிட்டது. மின்னேற்றும்போது மின்சாரம் இரசாயனச் சக்தியாக மாறி மின்கலத்தில் சேர்கிறது, ஆகவே இது மின் விற்பனை அல்ல, சேவை, அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்பது அதன் சாரம். இரசாயனப் பாடத்தைக் கொண்டு சட்டச் சிக்கலை அவிழ்த்ததை நான் ரசித்தேன். அந்த நியாயத்தைக் கொஞ்சம் இழுத்தால், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றினாலும் குளிரூட்டியை ஓடவிட்டாலும் மின்சாரம் வேறொன்றாகத்தான் மாறுகிறது. ஆனால் வேலை நடந்தது. அது போதும்.

நம் நாட்டில் இது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் பொறுப்பு. 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அமைப்பு அது. மின்னேற்றும் நிலையங்களை முழு அனுமதிப்பத்திரம் என்ற பெரிய வாசலால் இழுக்காமல், பதிவு என்ற சின்ன வாசலால் உள்ளே எடுக்கிறார்கள். ஆகவே தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். அறை எடுத்தவருக்கு வெந்நீர் கொடுப்பது போல, மின்னேற்றுவதையும் அறைக் கட்டணத்தில் சேர்த்துக் கொடுத்தால் நீங்கள் பெரும்பாலும் உங்கள் மானிக்குள்ளேயே இருக்கிறீர்கள், அதாவது அது சொந்தப் பாவனை, விற்பனை அல்ல. வீதியில் போகிறவருக்கும் திறந்துவிட்டு "அலகு இத்தனை ரூபாய்" என்று பலகை தொங்கவிட்டால் அது வேறு கதை. பலகை எழுதக் கொடுப்பதற்கு முன்பு ஆணைக்குழுவுக்கு எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிரதேச சபையின் வியாபார அனுமதி வேறு, ஆணைக்குழுவின் பதிவு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதிலிருந்து தப்ப முடியாது.

இனி மச்சானின் கதைக்கு வருகிறேன். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது.

2011 இல் கலிபோர்னியாவின் பொதுப் பயன்பாடுகள் ஆணையம், மின்சாரக் கம்பனிகள் பொது மின்னேற்றிகளைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டது. காரணம் எளிமையானது. கம்பி முழுவதும் அவர்கள் கையில். மின்னேற்றிக் கடையையும் அவர்களே திறந்தால், தனியார் எவரும் அவர்களோடு போட்டி போட முடியாது. கம்பனி நட்டப்பட்டாலும் அந்த நட்டத்தை எல்லோருடைய பட்டியலிலும் பரப்பிவிடும். தனியாருக்கு அந்த வசதி இல்லை. மூன்று வருடத்தில் அந்தத் தடை ஆட்டம் கண்டது. எதிர்பார்த்த வேகத்தில் மின்னேற்றிகள் வரவில்லை. 2014 டிசம்பரில் ஆணையம் தடையை நீக்கியது. ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்வோம் என்றது.

2016 இல் மூன்று பெரிய கம்பனிகளுக்கு மூன்று விதமான அனுமதி கிடைத்தது. சதர்ன் கலிபோர்னியா எடிசனுக்கு 22 மில்லியன் டொலர். சான் டியாகோ காஸ் அண்ட் எலெக்ட்ரிக்குக்கு 45 மில்லியன். பசிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக்குக்கு 130 மில்லியன். தொகையை விட அமைப்புத்தான் கவனிக்க வேண்டியது. எடிசன் கம்பனி வீதியிலிருந்து வாகனத் தரிப்பிடம் வரை கம்பி, மின்மாற்றி, பலகை எல்லாவற்றையும் தன் செலவில் போட்டுவிட்டு, மின்னேற்றி மாட்ட வேண்டிய இடத்தில் நின்றுகொண்டது. இயந்திரம் இடத்துக்காரருடையது. அதற்கும் ஒரு பகுதி கழிவு உண்டு. அங்கே இதற்கு 'மேக் ரெடி' என்று பெயர். தயார்நிலைச் செலவு என்று வைத்துக்கொள்வோம். கல்யாண வீட்டில் பந்தலும் அடுப்பும் ஒருவர் செலவு, சமைப்பது மற்றவர் பாடு என்ற மாதிரி. சான் டியாகோ கம்பனியோ மின்னேற்றியையும் தானே வைத்துக்கொண்டது. மச்சானின் வேலைத்தளத்தில் நடந்தது இந்த வகைத் திட்டங்களில் ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும். 2020 இல் எடிசனின் அடுத்த கட்டத்துக்கு 437 மில்லியன் டொலர் அனுமதி கிடைத்தது. நியூயோர்க் அதே வருடம் 701 மில்லியனோடு தொடங்கி, 2023 இல் அதை 1.2 பில்லியனுக்கு மேல் உயர்த்தியது.

இந்தக் காசு எங்கிருந்து வந்தது? மச்சான் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். கம்பனி தன் இலாபத்திலிருந்து கிள்ளிக் கொடுக்கவில்லை. ஆணையம் ஏற்றுக்கொண்ட மூலதனச் செலவு எதுவானாலும் அது கட்டணத்துக்குரிய சொத்துக் கணக்கில் ஏறும். தேய்மானம், வட்டி, பங்காளிகளின் இலாபம் எல்லாம் சேர்த்து, பல வருடங்களாக ஒவ்வொரு வீட்டுப் பட்டியலிலும் அறவிடப்படும். கலிபோர்னியக் கம்பனிகளுக்குப் பங்கு மூலதனத்தில் ஏறத்தாழ 10 வீத இலாபம் அனுமதிக்கப்படுகிறது. ஆகவே கம்பி இழுப்பதும் மின்மாற்றி வைப்பதும் அவர்களுக்குச் செலவு அல்ல, முதலீடு. நிறையப் போட்டால் நிறைய வரும். "இலவசமாகச் செய்து கொடுக்கிறோம்" என்று அவர்கள் ஓடி வருவதன் இரகசியம் இவ்வளவுதான். மச்சான் மாதாமாதம் கட்டும் பட்டியலில் அந்த மின்னேற்றியின் ஒரு துளி இருக்கிறது. அவருடைய பக்கத்து வீட்டில், கார் ஓட்டவே தெரியாத ஒரு கிழவி இருந்தால், அவருடைய பட்டியலிலும் அதே துளி இருக்கிறது.

இந்தக் கிழவிக்காகப் பேசிய மாநிலமும் உண்டு. கான்சாஸ் சிட்டி என்ற நகரம் கான்சாஸ், மிசூரி என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் பரந்து கிடக்கிறது. கான்சாஸ் சிட்டி பவர் அண்ட் லைட் என்ற ஒரே கம்பனி இரண்டு பக்கத்திலும் மின்சாரம் கொடுத்து வந்தது. அது ஆயிரத்தைத் தொடும் அளவில் மின்னேற்றிகளை நிறுவத் தொடங்கிவிட்டு, செலவை எல்லாப் பாவனையாளர்களிடமும் அறவிட அனுமதி கேட்டது. கான்சாஸின் ஆணையம் 2016 இல், தன் பக்கத்துக்கான 5.6 மில்லியன் டொலரைத் தர மாட்டோம் என்று மறுத்துவிட்டது. மின்சாரக் கார் வைத்திருக்கும் சிலருக்காக மற்ற எல்லோரும் ஏன் கொடுக்க வேண்டும் என்பதே அதன் வாதம். எல்லைக்கு அந்தப் பக்கம் மிசூரி ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போய், மின்னேற்றி என்பது தன் அதிகாரத்துக்குள் வரும் மின் நிலையச் சொத்தே அல்ல என்றது. கம்பனி நீதிமன்றம் போனது. 2018 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அது மின் நிலையச் சொத்துத்தான், ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று முடிவைத் திருப்பிப் போட்டது. ஒரே நகரம், ஒரே கம்பனி, ஒரே பெட்டி. வீதியைக் கடந்தால் சட்டம் வேறு.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நிலாவெளி வீதிக்கு வருவோம்.

இங்கே புதிய இணைப்பு வேண்டும் என்றால், அதற்கான கம்பி, கம்பம், தேவைப்பட்டால் மின்மாற்றி எல்லாவற்றுக்கும் மதிப்பீடு போட்டு விண்ணப்பதாரரிடமே வாங்குகிறார்கள். மின்சார சபை தொடங்கிய 1969 முதல் நாம் பழகிய முறையின் சாரம் இது. மின்மாற்றிக்கு நீங்கள் காசு கட்டினாலும் அது உங்கள் சொத்தாகாது. சபையின் சொத்து. அதில் மிச்சமிருக்கும் கொள்ளளவிலிருந்து நாளை பக்கத்து விடுதிக்கும் இணைப்புக் கொடுக்கலாம். இங்கேதான் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கிணறு வெட்டியவர் நீங்கள், தண்ணீர் அள்ளுகிறவர் எல்லோரும். இதனால் என்ன நடக்கும்? முதலாவதாகப் போக எவருக்கும் விருப்பம் வராது. பக்கத்து விடுதிக்காரர் மின்மாற்றி வைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று ஆளுக்காள் காத்திருப்பார்கள். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை அப்படிக் காத்திருக்கும் நாலு பேரை எனக்கே தெரியும்.

கலிபோர்னியா 2020 இல் கொண்டுவந்த இன்னொரு சட்டம் இந்த இடத்தைத்தான் தொட்டது. மின்னேற்றிக்காக வீதிப் பக்கத்தில், மானி வரைக்கும், செய்யப்படும் வலுவூட்டலை முதல் ஆளின் தலையில் கட்டாமல், வழமையான விநியோகச் செலவாகவே கம்பனி ஏற்க வேண்டும் என்றது. மானிக்கு உள்ளே நடப்பது இடத்துக்காரர் பாடு. அந்த மாநிலத்தில் நடந்த அத்தனை பரிசோதனைகளிலும் நான் மனமார ஒப்புக்கொள்வது இது ஒன்றைத்தான். மானிக்கு வெளியே உள்ள கம்பியும் மின்மாற்றியும் எப்படியும் ஊருக்குப் பொதுவானவை. இன்று காருக்காக வைத்தது நாளை ஐஸ் தொழிற்சாலைக்கும் உதவும். மானிக்கு உள்ளே இருக்கும் மின்னேற்றி உங்கள் வியாபாரம். அதில் வரும் இலாபமும் நட்டமும் உங்களோடு இருக்கட்டும்.

ஆனால் இதை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டுவிட முடியாது. நம் நாட்டில் கட்டணம் நாடு முழுவதற்கும் ஒன்று. கொள்ளுப்பிட்டிக்கும் மூதூருக்கும் ஒரே பட்டியல். எந்தச் செலவைப் பொதுவில் போட்டாலும் திருக்கடலூரில் மாதம் அறுபது அலகு எரிக்கும் மீனவக் குடும்பத்தின் பட்டியலையும் அது தொடும். 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம் என்று கட்டணம் ஏறியபோது, அந்த வீடுகளில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசலில் பாய் போட்டுப் படுத்தார்கள். இலங்கையில் இப்போது மின்சாரக் கார் வாங்குகிறவர் யார்? 2025 பெப்ரவரியில் இறக்குமதித் தடை நீங்கியதும் புதுக் கார் எடுத்தவர். அவருக்காகத் திருக்கடலூர் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கான்சாஸ் ஆணையம் கேட்ட கேள்வியின் கூர் இங்கே இன்னும் அதிகம்.

ஆகவே என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். விடுதி முற்றத்துக்குப் பொதுக் காசு போகக் கூடாது. உங்கள் விடுதிக்கும் கூடத்தான், தம்பி, கோபிக்க வேண்டாம். பொதுக் காசு போவதானால் ஏ 6 பாதையில் போகட்டும். அம்பேபுஸ்ஸவில் பிரிந்து குருநாகல், தம்புள்ள, ஹபரணை, கந்தளாய் வழியாக இங்கே வரும் பாதை அது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஹபரணை தாண்டினால் காடும் யானையும்தான். 2015 அளவில் வந்து குவிந்த பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார்களின் மின்கலம் புதிதாக இருந்தபோதே 24 அலகு. இப்போது தேய்ந்து, ஒரே மூச்சில் நூறு கிலோமீற்றர் ஓடினால் பெரிய காரியம். ஹபரணையிலும் கந்தளாயிலும் நம்பி நிறுத்தக்கூடிய வேக மின்னேற்றிகள் இருந்தால், பயன் முழு மாவட்டத்துக்கும். அந்த இரண்டு மூன்று இடங்களில் மானி வரைக்குமான செலவைச் சபையோ அதன் வாரிசுக் கம்பனியோ ஏற்கலாம். மின்னேற்றியைத் தனியார் வைக்கட்டும். விலைப்பலகையை ஆணைக்குழு பார்க்கட்டும். இயந்திரம் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்கட்டும். அமெரிக்க மத்திய அரசு 2021 சட்டத்தின் கீழ் நெடுஞ்சாலை மின்னேற்றிகளுக்கு 5 பில்லியன் டொலர் ஒதுக்கியபோது, வருடத்தில் 97 வீத நேரம் இயந்திரம் இயங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. காசு கொடுத்தால் அந்த மாதிரி நிபந்தனையோடு கொடுக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு மறுநாள் "பழுது" என்று கடதாசி ஒட்டும் பழக்கத்துக்கு நாம் புதியவர்கள் அல்ல.

வாரிசுக் கம்பனி என்றேன். 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025 இல் வந்த திருத்தமும் மின்சார சபையை உற்பத்தி, செலுத்துகை, முறைமை இயக்கம், விநியோகம் என்று தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கின்றன. கடித உறையில் எழுத வேண்டிய பெயர் மாறும். கம்பமும் மின்மாற்றியும் அதே இடத்தில்தான் நிற்கும்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு பெரிய இயந்திரம். இதில்தான் அதிகம் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், ஊரும் பேரும் வேண்டாம், 60 கிலோவாட் வேக மின்னேற்றியை முதலில் இறக்குமதி செய்துவிட்டு, பிறகுதான் இணைப்புக்கு விண்ணப்பித்தார். அவர் வீதியிலிருந்த மின்மாற்றி 100 கேவிஏ (ஒரே நேரத்தில் தாங்கும் சுமையின் அளவு). அதில் ஏற்கெனவே எழுபது எண்பது வீடுகள். புது மின்மாற்றிக்கு மதிப்பீடு வந்தது. இயந்திரத்தின் விலைக்கு அது பெரிதாகக் குறைவில்லை. அந்தப் பெட்டி இன்றும் பொலித்தீன் உறையோடு அவருடைய கராஜில் இருக்கிறது. மதிப்பீட்டில் கையெழுத்திட்டவன் என்பதால் அவர் வீட்டுப் பக்கம் நான் அதிகம் போவதில்லை.

மின்மாற்றி கிடைத்தாலும் வேறொரு பொறி காத்திருக்கிறது. 42 கேவிஏக்கு மேல் போனால் நீங்கள் மொத்த வழங்கல் வகைக்குள் போய்விடுவீர்கள். அங்கே அலகுக் கட்டணத்தோடு, மாதத்தில் ஒரு சிறு இடைவேளையில் நீங்கள் இழுத்த ஆகக்கூடிய சுமைக்குக் கேள்விக் கட்டணமும் (டிமாண்ட் சார்ஜ்) உண்டு. கணக்குக்காக கேவிஏ ஒன்றுக்கு 1,000 ரூபாய் என்று வைப்போம். 60 கேவிஏ ஒரே ஒரு தடவை இழுத்தாலும் மாதம் 60,000 ரூபாய். வாடைக்காற்று நவம்பரில் மாதம் முழுவதும் இருபது கார் வந்து, காருக்கு 25 அலகு ஏற்றினால் மொத்தம் 500 அலகு. அலகுக்கு 120 ரூபாய் கேள்விக் கட்டணமே விழுந்துவிடும், மின்சாரத்தின் விலை அதற்கு மேல். ஆவணியில் முந்நூறு கார் வந்தால் 7,500 அலகு, அலகுக்கு 8 ரூபாய்தான். நம்முடையது பருவ வியாபாரம். ஏப்ரல் முடிய ஆரம்பித்து செப்டெம்பரோடு அடங்கிவிடும். ஆறு மாத வருமானத்தைக் கொண்டு பன்னிரண்டு மாதக் கேள்விக் கட்டணம் கட்ட வேண்டும். உலகம் முழுவதும் வேக மின்னேற்றிகள் படுத்துவிடுவது இயந்திரத்தால் அல்ல, இந்தக் கணக்கால். கார்கள் பெருகும் வரை அதிகம் பேர் வராத நிலையங்களுக்குக் கேள்விக் கட்டணத்தைத் தளர்த்தும்படி பல ஒழுங்குபடுத்துநர்கள் கம்பனிகளுக்குச் சொன்னதும் இதனால்தான். இந்தியா 2022 வழிகாட்டுதலில் பொது மின்னேற்றிகளுக்கு ஒற்றைக் கட்டணம்தான், நிலையான பகுதி கூடாது என்றது. நம் ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டியதும் இதுதான். மானியம் கேட்பதை விட இது நேர்மையான கோரிக்கை.

உங்களுக்கு அந்தப் பெரிய இயந்திரமே வேண்டாம். கொழும்பிலிருந்து வந்தவரின் கார் வழியில் செலவழித்தது ஏறத்தாழ 40 அலகு. அவர் மாலை ஆறு மணிக்கு வருகிறார், காலையில் புறாத்தீவுக்குப் படகேறுகிறார். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கார் சும்மா நிற்கிறது. 16 ஆம்பியரில் ஓடும் சாதாரண மின்னேற்றி 3.7 கிலோவாட் கொடுக்கும். பத்து மணி நேரத்தில் 37 அலகு. காரியம் முடிந்தது. உங்களிடம் மூன்று பேஸ் 30 ஆம்பியர் இணைப்பு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 32 ஆம்பியர் இழுக்கும் 7 கிலோவாட் மின்னேற்றியை அதில் ஒரு பேஸில் மாட்டினால் வேறெதுவும் ஓடாமலே அந்தப் பேஸின் எல்லை தாண்டிவிடும். 16 ஆம்பியர் என்றால் அதே பேஸில் இரண்டு அறைகளின் குளிரூட்டியும் ஓடலாம். சுடுநீர் ஹீற்றர்களை மட்டும் மற்ற இரண்டு பேஸ்களுக்கு மாற்றிவிடுங்கள். புது இணைப்பும் வேண்டாம், மின்மாற்றியும் வேண்டாம், என்னைப் போன்ற ஒருவரின் மதிப்பீட்டுக் கடிதமும் வேண்டாம். இரண்டு மூன்று கார் ஒரே இரவில் வரத் தொடங்கினால் அப்போது 60 ஆம்பியருக்கு மாறுங்கள். 42 கேவிஏ எல்லைக்குள் நின்றுகொண்டே, சுமையைத் தானாகப் பகிரும் இரண்டு மின்னேற்றிகளை வைக்கலாம்.

மின்னேற்றி இரவு பத்தரைக்குத் தொடங்கும்படி நேரம் குறித்து வையுங்கள். மாலை 6:30 முதல் 10:30 வரை நாட்டின் உச்ச நேரம். நேரவாரி மானி இருப்பவருக்கு அந்த நான்கு மணி நேரம்தான் விலை கூடியது. உங்கள் மானி அப்படி இல்லாவிட்டாலும் அந்தப் பழக்கம் நல்லது. சமையலறை, குளிரூட்டி, வெந்நீர் எல்லாம் அந்த நேரத்தில்தான் சேர்ந்து ஓடும்.

பகலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் மலிவு, பகலில் விலை என்ற பழைய பாடம் இப்போது தலைகீழாகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டியிருந்தபோது, கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்களை பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி சபை கேட்டுக்கொண்டது. மின்சாரம் கூடிப்போனதாம். அதற்கு இரண்டு மாதம் முன்பு, பெப்ரவரி 9 இல், பாணந்துறையில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் இருண்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில்தான். தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம் என்ற நிலையில் முறைமை எளிதில் தள்ளாடும். நிலக்கரி நிலையம் வருவதாக இருந்த சம்பூரில் இப்போது 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் வைத்திருக்கிறார்கள். அதுவும் வந்தால் நம் மாவட்டத்தில் மத்தியான மின்சாரம் பொங்கி வழியும். கோணேசர் கோயிலடியிலும் கன்னியா வெந்நீரூற்றடியிலும் மத்தியானம் வெயிலில் காயும் கார்களில் அதை ஏற்றலாம். உங்கள் கூரையில் தகடு இருந்தால் விருந்தாளியிடம் சொல்லுங்கள்: பகலில் ஏற்றினால் காசு இல்லை, இரவில் ஏற்றினால் காசு. இதையே நாடளவில் கட்டணமாகச் செய்ய வேண்டியது ஆணைக்குழுவின் வேலை.

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அத்தனை தாங்கிகளை வைத்துக்கொண்டு 2022 இல் நாமும் கியூஆர் அட்டையோடு பெற்றோல் வரிசையில் நின்றோம். இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுத வைத்தது அந்த நினைவாகவும் இருக்கலாம்.

கடைசியாக, கடற்கரைக்காரருக்கு மட்டும் உரிய ஒரு விஷயம். உங்கள் பலகையில் இருக்கும் சாதாரண கசிவுத் தடை (ட்ரிப் சுவிட்ச்), கார் மின்னேற்றியிலிருந்து நேர் மின்னோட்டம் (டிசி) கசிந்தால் குருடாகிவிடும். விழ வேண்டிய நேரத்தில் விழாது. 6 மில்லி ஆம்பியர் நேர் மின் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி மின்னேற்றிக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் 'பி' வகைத் தடையைத் தனியாகப் போட வேண்டும், அது விலை கூடியது. நம் நாட்டில் நிலத்தொடுப்பு (எர்த்) ஒவ்வொரு வீட்டுக்கும் மண்ணில் இறக்கிய சொந்தக் கம்பியால்தான். நிலாவெளி மணலில் மழை இல்லாத ஆடி ஆவணியில் அந்தக் கம்பியின் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) ஏறிவிடும். மார்கழியில் அளந்து "நன்றாக இருக்கிறது" என்று எழுதித் தருபவரை நம்பாமல், வெயில் காலத்தில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். மின்னேற்றியைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாம். உப்புக் காற்று இரண்டு வருடத்தில் செருகியின் பித்தளையைப் பச்சையாக்கிவிடும்.

பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்துக்குப் போகும்போது கடைசி மின்பட்டியலையும், உங்கள் வீதியிலிருக்கும் மின்மாற்றியின் இலக்கத் தகட்டைப் பிடித்த புகைப்படத்தையும் கொண்டுபோங்கள். அந்த இலக்கத்தை வைத்து அதில் எவ்வளவு சுமை மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், தம்பி. வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.